கும்பிட்ட கைகளை இடம் மாற்றிய கதை

தர்மபுரியில் ஒரு தியேட்டர். ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோ. நான் எடிட் செய்த படத்தின் கடைசிக் காட்சிக்கு ஜனம் சீட்டை விட்டு எழுந்து நின்று விசிலடித்தது. என் பக்கத்தில் கோகிலா உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தின் மூலக் கதையான நாவலை எழுதியவர். அவர் எழுந்திருக்கவில்லை. விளக்குப் போட்டதும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், கடைசில வர்ற ஜனம் எங்க தெரு ஜனந்தானுங்களே? அவங்க ஹீரோவக் கும்பிடவே இல்லீங்களே. ஷூட்டிங் அன்னைக்கு நானும் அங்கதான இருந்தேன்?"

கூட்டம் வாசலை அடைத்திருந்தது, அதைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். எடிட்டிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் கட் எங்கே வைப்பது, சவுண்டை எங்கே இழுப்பது என்றெல்லாம் நிறையப் பேசியிருக்கிறேன். இந்தப் படத்தைப் பற்றி மட்டும் பேசியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

1. நாவலும் நான் கொடுத்த வாக்கும்

கோகிலா தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். கம்பைநல்லூரை ஒட்டிய ஒரு ஊரில் வீடு. தினமும் தர்மபுரிக்குப் பஸ்ஸில் வந்து போவார். ஊர் ஊராக பாட்டிலில் வரும் தண்ணீரில் புளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. அளவு மீறிய கைப்பம்புகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்லிக் கடிதம் போகும். பெயின்ட் அடித்த பிறகும் ஜனம் அதைத்தான் குடிக்கும், வேறு வழி இருக்காது. அந்த எரிச்சலில் எழுதிய நாவல் 'ஏழாவது வால்வு'.

கதை எதிர்காலத்தில் நடக்கிறது. நிலத்தடி நீர் முழுக்கக் கெட்டுவிட்டது. மலைக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி, அதிலிருந்து ஏழு ஊருக்குத் தண்ணீர். பங்கீட்டில் சண்டை வருகிறது என்று ஏழு ஊரும் கூடி ஒரு இயந்திரத்திடம் பொறுப்பை விடுகிறார்கள். அதற்கு 'முறைகாரர்' என்று பெயர் வைக்கிறார்கள். முறைகாரர் நியாயமாகத்தான் நடக்கிறார். ஆனால் போகப் போக, அதன் சிவப்பு விளக்குக்கு முன்னால் நின்று கும்பிட்டால்தான் வால்வு திறக்கும் என்று ஆகிவிடுகிறது. யாரும் உத்தரவு போடவில்லை, ஜனமே பழகிக்கொள்கிறது. மூன்று தலைமுறை போகிறது. மாதம்மாள் என்ற குழாய் பிட்டர் வேலை செய்யும் பெண் மலைக்குள் இறங்கி இயந்திரத்தை நிறுத்துகிறாள். மற்ற ஆறு வால்வுக்கும் தண்ணீரைத் திறந்துவிடுகிற ஏழாவது வால்வின் சக்கரம் அவள் கைக்கு வருகிறது. வெளியே ஜனம் அவளைப் பார்த்துக் கும்பிடுகிறது. அந்தக் கும்பிடைப் பார்த்துத்தான் அவள் முதல் முறையாகப் பயப்படுகிறாள். சக்கரத்தைக் கழற்றி, ஏழு ஊரிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் வந்து சேர்ந்து பிடித்தால் மட்டுமே திரும்புகிற மாதிரி மாற்றிப் பூட்டிவிட்டு, கூட்டத்துக்குள் போய் நின்றுகொள்கிறாள்.

தண்ணீர் விடுகிறவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல கேள்வி; அது ஏன் ஒருத்தர் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. நாவல் முழுக்க இதுதான்.

நாவலைப் படமாக்க ஒரு புது டைரக்டர் ஆசைப்பட்டார். எனக்கு ஊர் பாலக்கோடு. நானும் இந்த மாவட்டம் என்பதால் தயாரிப்பாளர் என்னையும் கூட அனுப்பினார். கோகிலா எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு அக்ரிமென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"மாதம்மாள ஆம்பளையா மாத்தறீங்க. சரி, ஹீரோ படம், புரியுதுங்க. முடிவ மட்டும் மாத்த மாட்டீங்களே?"

"முடிவுக்காகத்தான் மேடம் இந்தப் படமே பண்றேன்" என்றார் டைரக்டர். அவர் பொய் சொல்லவில்லை.

கோகிலா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "கவலப்படாதீங்கம்மா. எடிட்டிங் டேபிள்ல நான் இருக்கேன். கதைக்கு ஒன்னும் ஆகாது."

அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

2. சீன் பதினெட்டு

எடிட்டர்கள் ஷூட்டிங் போவது குறைவு. சொந்த மாவட்டம் என்பதால் இரண்டு நாள் போயிருந்தேன். கோகிலாவின் தெரு ஜனத்தையே கூட்டத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். அன்று எடுத்தது சீன் பதினெட்டு. ஜனம் இயந்திரத்தின் சிவப்பு விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுத் தண்ணீர் கேட்கும் காட்சி.

முன்வரிசையில் பழனியம்மா என்று ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர், களையெடுக்கப் போகிறவர். டைரக்டர் அவரிடம் வந்து, "அந்த லைட்டப் பாத்துக் கும்பிடணும்மா" என்றார்.

"லைட்டையா? அது என்னா குடுக்கும்?"

"தண்ணி."

"தண்ணிக்கு என்னாத்துக்குங்க கும்பிடணும்? காசு கட்டித்தான வாங்கறோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். மூன்று டேக் போனது. பழனியம்மா மாரியம்மனைக் கும்பிடுகிற மாதிரி நிம்மதியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். காட்சிக்கு அது வேண்டாம். அப்போது கோகிலா கேமராவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, அந்தப் பஞ்சத்துல டேங்கர் லாரிக்காரன் முன்னாடி நின்னீங்களே, ரெண்டு கொடம் வுடச் சொல்லி. அத நெனைங்க."

பழனியம்மாவின் முகம் மாறியது. கை மேலே ஏறியது, ஆனால் மார்புக்கு மேல் போகவில்லை. கண் விளக்கைப் பார்த்தது, உடனே தாழ்ந்தது. உதட்டில் லேசாக ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற பெண்களும் அவரைப் பார்த்து அப்படியே ஆனார்கள். டைரக்டர் "கட்" சொல்லவே மறந்துவிட்டார். நான் ஒதுங்கி நின்று அதை என் போனில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஷாட் முடிந்ததும் பழனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோகிலாவைப் பார்த்து, "ஏன்டி, அத ஏன் ஞாபகப்படுத்தன?" என்று கேட்டுவிட்டு வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

3. ட்ரையல் ஷோ

ஜனம் கும்பிடுவதற்குப் பதில் சந்தேகமாகப் பார்க்கிறது என்பதைத் தவிர, டைரக்டர் முடிவை நாவலில் இருந்தபடிதான் எடுத்தார். ஹீரோ சக்கரத்தைப் பிடிக்கிறார், மூச்சை இழுக்கிறார், கையை எடுத்துவிடுகிறார். கூட்டத்தைப் பார்த்து, "இத நான் மட்டும் திருப்பக் கூடாது" என்கிறார். ஏழு பேர் வருகிறார்கள். ஹீரோ கூட்டத்துக்குள் மறைகிறார். படம் முடிகிறது. நான் அதை அப்படியே வெட்டி வைத்திருந்தேன்.

மதியம் ஒரு சின்னத் தியேட்டரில் ட்ரையல் ஷோ. படத்தை வாங்க வந்த நான்கைந்து பேர் பார்த்தார்கள். முடிந்ததும் ஒருவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டே, "கடைசில ஹீரோ எங்க போனாரு?" என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு தயாரிப்பாளர் சொன்னார்: "ரெண்டரை மணி நேரம் அந்தாள் பின்னாடி ஜனம் வருது. கடைசில அவர் கைய எடுத்துட்டு ஓரமாப் போயிடறாரு. தியேட்டர்ல இருக்கறவன் எதுக்குக் கைதட்டுவான்? யாருக்குத் தட்டுவான்?"

டைரக்டர், "அதுதான் சார் கதை" என்றார்.

"கதை புஸ்தகத்துல இருக்கட்டும் தம்பி. மறுபடி எடுக்க ஹீரோ டேட்டும் இல்ல."

அப்போது நான் வாயைத் திறந்தேன். இதை நன்றாகக் கவனியுங்கள். யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கட்டாயப்படுத்தவும் இல்லை. எனக்கு ஒரு வழி தெரிந்தது, அதனால் சொன்னேன்.

"மறுபடி எடுக்க வேண்டாம் சார். இருக்கறத வெச்சே முடிச்சிடலாம்."

4. இரண்டு நாள் வேலை

செய்தது இவ்வளவுதான். ஹீரோ சக்கரத்தைப் பிடித்து மூச்சை இழுக்கிற இடம்வரை வைத்துக்கொண்டேன். கையை எடுப்பதற்கு முன்னால் கட். படத்தின் நடுவில் குழாய் வெடித்துத் தண்ணீர் பீறிடும் ஒரு ஷாட் இருந்தது. அதைக் கொண்டுவந்து இங்கே போட்டேன். இப்போது ஹீரோ திருப்பினார், தண்ணீர் வந்தது. அடுத்து ஜனத்தின் ரியாக்ஷன் வேண்டும். முடிவுக் காட்சியில் எடுத்த ஜனம் ஹீரோவைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது, அது உதவாது. சீன் பதினெட்டைத் திறந்தேன். பழனியம்மா அதில் இருந்தார். விளக்கின் சிவப்பு முகத்தில் விழுந்ததை கலர் கரெக்ஷனில் எடுத்து, காலை வெளிச்சம்போல மஞ்சளாக்கினோம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். அவர் கண்ணைத் தாழ்த்துவதற்கு முன் வெட்டினேன். டேங்கர் லாரிக்காரன் முன்னால் நின்ற அவமானம் நன்றியாக மாறிவிட்டது. ஒரு ஃபிரேம்கூடப் புதிதாக எடுக்கவில்லை.

மீதி இருந்தது வசனம். ஹீரோ அந்த வசனத்தை முதுகுப் பக்கம் கேமரா இருக்கும்போது பேசுகிறார். உதடு தெரியாது, எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். "இத நான் மட்டும் திருப்பக் கூடாது" என்பதை "இத நான் மட்டும்தான் திருப்ப முடியும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

டப்பிங்கில் ஹீரோ தாளைப் பார்த்துவிட்டு, "முன்னாடி வேற மாதிரி இருந்துச்சே?" என்றார்.

"ஷார்ப் பண்ணியிருக்கோம் சார்."

"ஓகே" என்று பேசிவிட்டுப் போனார்.

டைரக்டருக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே மானிட்டரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பண்ணிடுங்க சார்" என்றார். அவருக்கு அது முதல் படம். நான் முடியாது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை அவரும் சொல்லியிருப்பார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னணி இசையோடு சேர்த்துப் பார்த்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கோகிலாவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

5. ஓடிய படம்

படம் நன்றாக ஓடியது. ட்ரெயிலரிலும் போஸ்டரிலும் அந்த ஒரு வசனம்தான். நாவலின் புதிய பதிப்புக்கு ஹீரோ சக்கரத்தைப் பிடித்திருக்கிற படத்தையே அட்டையாகப் போட்டார்கள். அதை வாங்கிப் படித்த சிலர் கோகிலாவுக்கு எழுதினார்களாம்: 'கடைசி அத்தியாயம் சரியில்லை மேடம். படத்தில் இருக்கிற மாதிரி மாற்றி எழுதுங்கள்.' இதை அவர் பிறகு என்னிடம் சொன்னபோது குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. லேப் ரிசல்ட் படிக்கிற மாதிரி சொன்னார்.

தியேட்டரில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனவர் எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் காலையில் போன் வந்தது.

"சார், ஒரு தடவ ஊருக்கு வர முடியுமா? எனக்காக இல்லீங்க. பழனியம்மாக்கா உங்களப் பாக்கணும்ங்கறாங்க."

6. மோட்டார் ரூம் சாவி

அவர்கள் தெருவுக்கு ஒரு பொது போர்வெல் உண்டு. தண்ணீர் சுத்தமானது என்று கோகிலாவே பரிசோதித்தது. மோட்டார் ரூம் சாவி ஐந்து பெண்களிடம் வாரத்துக்கு ஒருவராகச் சுற்றும். பழனியம்மா அதில் ஒருவர். இந்த ஏற்பாடு நாவலுக்கு முன்பே இருந்தது. ஏழு பேர் பிடித்தால் திரும்புகிற சக்கரம் கோகிலாவுக்கு இதிலிருந்துதான் வந்தது. எனக்கு அது ஊருக்குப் போன அன்றுதான் தெரிந்தது.

படம் வந்த பிறகு, அதே தெருவில் டிராக்டர் வைத்திருக்கும் மாணிக்கம் என்பவர் மோட்டார் ரூம் முன்னால் ஹீரோவுக்குப் பேனர் கட்டினார். பேனரில் அந்த வசனம். அன்று கேசரி கொடுத்தார்கள். யாரோ விளையாட்டாக, "சாவிய மாணிக்கத்துக்கிட்டயே குடுங்களேன், பொம்பளைங்க எதுக்கு மோட்டாரோட மல்லுக்கட்டறீங்க" என்றார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். சாவியைக் கொடுத்த பெண்களும் தட்டினார்கள்.

மாணிக்கம் மோசமான ஆள் இல்லை. நேரத்துக்கு மோட்டார் போட்டார். ஆனால் தெருக்கோடியில் இருக்கும் ராசாத்தியின் மகனுக்கும் அவருக்கும் வரப்பு விஷயமாக ஒரு வாய்த்தகராறு வந்தது. அந்த வாரத்திலிருந்து கோடி வீட்டு லைனுக்கு மட்டும் தண்ணீர் போகவில்லை. கேட்டால் "வால்வு மக்கர் பண்ணுது" என்றார். ராசாத்தி சிவப்புப் பெயின்ட் அடித்த கைப்பம்பில் அடித்துக் குடித்தார். பாட்டிலில் பிடித்துக் கோகிலாவிடமும் கொடுத்திருக்கிறார். கோகிலா அதைப் பரிசோதித்துச் சீட்டு எழுதியிருந்தார். அந்தச் சீட்டை என் கையில் கொடுத்தார்.

"படிக்கத் தெரியுமா சார் இது? இவ்ளோ புளோரைடு இருந்தா சின்னப் புள்ளைங்களுக்குப் பல்லு பழுப்பாயிடும். பெரியவங்களுக்கு முட்டி மடங்காது. அந்த வூட்டுல ரெண்டு பேத்திங்க இருக்குதுங்க."

7. ரேஷன் கடை வராந்தா

மூடியிருந்த ரேஷன் கடை வராந்தாவில் பத்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாணிக்கமும் வந்திருந்தார். ஷூட்டிங்கின் ஒரிஜினல் ஃபுட்டேஜ் என்னிடம் கிடையாது, அது தயாரிப்பாளருடையது. போனில் நான் பிடித்த அந்தத் துண்டு மட்டும் இருந்தது. அந்தக் கும்பிடு படத்தில் எப்படி வந்தது என்று பழனியம்மா கேட்டார். லேப்டாப்பில் முதலில் படத்தின் முடிவைப் போட்டேன். பிறகு போனில் எடுத்ததைப் போட்டேன். சிவப்பு விளக்கு, கோகிலாவின் குரல், பழனியம்மாவின் முகம், எல்லாம் அதில் இருந்தது. எங்கே வெட்டினேன், எப்படி மஞ்சளாக்கினேன், வசனத்தை எப்படி மாற்றினேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முப்பது வருட வேலையில் என் தொழிலை இப்படி யாரிடமும் அவிழ்த்துக் காட்டியதில்லை.

பழனியம்மா போனை வாங்கி இன்னொரு முறை பார்த்தார்.

"அதான பாத்தேன். தியேட்டர்ல பாத்தப்ப நான் எப்பிடிடா இந்தாள இப்பிடிக் கும்பிட்டன்னு எனக்கே வெளங்கல. சரி, கும்பிட்டிருப்பன் போலன்னு நெனச்சிக்கினன்."

மாணிக்கம் எழுந்தார். "படம் படந்தானுங்க. அதுக்கும் நான் மோட்டார் போடறதுக்கும் என்னாங்க சம்மந்தம்? நான் தண்ணி வுடாம வுட்டனா?"

"அந்தத் தம்பி நல்லாத்தான பண்றான்" என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

பழனியம்மா மாணிக்கத்தைப் பார்த்துச் சொன்னார்: "நீ நல்லாத்தான்பா பண்ற. நான்தான் கெட்டுட்டேன். முந்தாநேத்து நீ டிராக்டர்ல போறப்ப உன்னப் பாத்துச் சிரிச்சன். எனக்குச் சிரிப்பே வரல. ஆனா சிரிச்சன். தண்ணிக்குச் சிரிச்சன். டேங்கர்காரன்கிட்ட சிரிச்ச அதே சிரிப்பு. என் தெருவுல, என் பங்கு போட்டுத் தோண்டன போருக்கு, நான் எதுக்குப்பா சிரிக்கணும்?"

மாணிக்கம் சாவியைக் கொடுக்கவில்லை. வேலை இருக்கிறது என்று போய்விட்டார். அவரோடு பாதிப் பேர் எழுந்து போனார்கள். ராசாத்தி என்னிடம் வந்து, "நீங்க சொன்னா அந்தப் படத்த மாத்திடுவாங்களா?" என்று கேட்டார்.

மாற்ற முடியுமா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். ஆன்லைனில் வரும் பதிப்பிலாவது பழைய முடிவைப் போடலாம் என்று தயாரிப்பாளரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் சிரித்தார். "ஓடுன படத்த யாராச்சும் திருத்துவாங்களா? அதோட ஐடியாவே உங்களுதுதான?" ஃபுட்டேஜ் இருந்த டிஸ்க்கை அழித்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்திவிட்டார்கள். ஏழு பேர் சேர்ந்து சக்கரம் திருப்புகிற காட்சி இப்போது எங்கேயும் இல்லை. டைரக்டரும் நானும் அன்று ட்ரையல் ஷோ பார்த்தவர்களும்தான் அதைப் பார்த்தவர்கள்.

8. பிறகு

அடுத்த கோடையில் மோட்டாரின் காயில் கம்பி எரிந்துபோனது. ரிப்பேருக்கு அலைய முடியாது என்று மாணிக்கமே சாவியைக் கொண்டுவந்து பழனியம்மா வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். ஐந்து பெண்களில் மூன்று பேர் மோட்டாரைச் சரிசெய்து, முறையை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். யாராவது பொறுப்பான ஆளிடம் இருப்பதுதான் நல்லது என்பது அவர்கள் எண்ணம். கோடி வீட்டு வால்வில் ஒரு கோளாறும் இல்லை, திருப்பியதும் தண்ணீர் வந்தது. அதுவரை அந்தப் பேத்திகள் எத்தனை நாள் கைப்பம்புத் தண்ணீர் குடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இது. ஒரு நாவலின் அரசியலைக் கெடுக்கப் பெரிய சதி தேவையில்லை. அந்த அறையில் கெட்டவர்கள் யாரும் இருக்கவில்லை. எல்லாருக்கும் கைதட்டல் வேண்டியிருந்தது, அதை வரவைக்கும் வித்தை எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு ரியாக்ஷன் ஷாட்டை இடம் மாற்றும் முன், அதில் இருக்கிற மனுஷி எடுத்த அன்று யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒரு தடவை கேளுங்கள். அது பதில் தெரியாத கேள்வியாக இருந்தால் அந்த ஷாட்டைத் தொடாதீர்கள். பதில் தெரிந்தும் நீங்கள் தொட்டால், என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்கிறீர்கள். பிறகு தயாரிப்பாளரைச் சொல்லிப் பயனில்லை.

கோகிலா இரண்டாவது நாவலை எழுதி முடித்துவிட்டாராம். டைரக்டர்தான் சொன்னார், அவருக்குக் கையெழுத்துப் பிரதி அனுப்பியிருக்கிறார். படமாக்க இல்லை, படிக்க. எனக்கு அனுப்பவில்லை. அனுப்பச் சொல்லி நானும் கேட்கவில்லை. புத்தகமாக வரும்போது கடையில் வாங்கிப் படித்துக்கொள்வேன்.